செய்தியில் கேட்டதும் கோர்ட்டில் கேட்டதும்

ராமேசுவரத்திலிருந்து:
கடல் அட்டை கடத்தல் வழக்கில் யாரையாவது பிடித்தால் மறுநாளே பேப்பரில் படம் வந்துவிடுகிறது. விசாரணை தொடங்கும் முன்பே 'கடத்தல்காரர்' என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் தீர்ப்பு சொல்வது நீதிபதி. ஜூரி முறை உள்ள நாடுகளில் அதே செய்தியைப் படித்துவிட்டு வரும் சாதாரண ஆட்கள்தானே முடிவு சொல்ல வேண்டும்? வெளிநாட்டில் ஜூரியாக உட்கார்ந்தவர்கள், இங்கே சாட்சிக் கூண்டு ஏறியவர்கள் யாராவது இருந்தால் நடந்ததை எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து, இப்போது அமெரிக்காவில்:
நான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு ஜூரிக்கு அழைத்துக் கடிதம் வந்தது. ஒரு கடைக்குள் புகுந்து கடைக்காரரைத் தாக்கிய வழக்கு. உள்ளூர் டிவியில் நன்றாக அடிபட்ட செய்தி. தேர்வின்போது நீதிபதி ஒவ்வொருவரிடமும் கேட்டார்: இதைப் பற்றிப் படித்தீர்களா, பார்த்தீர்களா, அதை ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வரும் சாட்சியத்தை மட்டும் பார்க்க முடியுமா? பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே 'முடியும்' என்றார்கள். யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மனதாரத்தான் சொன்னார்கள்.

சாட்சியம் எல்லாம் முடிந்து, அறைக்குள் உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். ஒரு அம்மா, மிகவும் நிதானமானவர், "இவன் ஏற்கெனவே இதே மாதிரி ஒரு வழக்கில் மாட்டினவன்தானே" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்கும் அது கேட்ட விஷயமாகவே பட்டது. அப்போது ஒரு இளைஞர் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதை எந்தச் சாட்சி சொன்னார்?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. டிவியில் வந்த தகவல் அது. பழைய வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது என்று நீதிபதி முன்கூட்டியே தடுத்திருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த இளைஞர் நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, அந்த விசாரணையையே ரத்து செய்தார் நீதிபதி. புது ஜூரியோடு முதலிலிருந்து நடக்கும் என்றார்கள்.

என்னை உலுக்கியது அந்த அம்மாவின் முகம். அவர் வேண்டுமென்றே எதையும் செய்யவில்லை. செய்தியில் கேட்டதும் கோர்ட்டில் கேட்டதும் மனதுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டது, அவ்வளவுதான். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். 1999இல் நான்சி ஸ்டெப்லேயும் உடன் ஆய்வு செய்தவர்களும் அதுவரை நடந்த 44 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான செய்தியை முன்பே பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக 'குற்றவாளி' என்றே முடிவு செய்தார்கள். 'அதை மறந்துவிடுங்கள்' என்று நீதிபதி சொல்வது பெரிதாக உதவுவதில்லை என்று காட்டிய சோதனைகளும் உண்டு.

'நியாயமாக நடப்பேன்' என்ற வாக்குறுதியை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது என்று இங்கே அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. லெஸ்லி இர்வின் என்பவர் மீதான கொலை வழக்கில் 12 ஜூரிகளில் 8 பேர், சாட்சியம் கேட்கும் முன்பே அவரைக் குற்றவாளி என்று நினைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் நடுநிலையோடு இருப்போம் என்றார்கள். மரண தண்டனை விழுந்தது. 1961இல் அது செல்லாது என்று ரத்தானது. டாக்டர் சாம் ஷெப்பர்ட் 1954இல் மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். பத்திரிகைக் கூச்சலிலிருந்து விசாரணையைக் காப்பாற்றவில்லை என்று 1966இல் அந்தத் தீர்ப்பும் ரத்தாகி, மறுவிசாரணையில் விடுதலையானார். இடையில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

தங்கச்சிமடத்திலிருந்து:
காக்கா, ஒரு சந்தேகம். பத்திரிகை எப்போதும் எதிராகத்தான் வேலை செய்யுமா?

கீழக்கரையிலிருந்து:
இல்லை தம்பி, ஆதரவாகவும் இழுக்கும். நானாவதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் பம்பாயில் நடந்தது, அப்போது நம் நாட்டிலும் ஜூரி முறை இருந்தது. தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது வழக்கு. 'பிளிட்ஸ்' வார இதழ் அந்தக் கடற்படை அதிகாரிக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதியது. ஜூரி 8க்கு 1 என்று 'குற்றவாளி அல்ல' என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. செத்துப்போன அஹுஜாவின் பக்கத்தைப் பேச அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்?

தேவிபட்டினத்திலிருந்து:
நம் தமிழ்நாட்டு ஜூரியை மறந்துவிட்டீர்களே. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945இல் ஜூரிதான் குற்றவாளிகள் என்றது. ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததாம், என் தாத்தா சொல்வார். அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் வெளியே வந்தார்கள். பாகவதருக்குப் பழைய நிலை திரும்பவே இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து, வக்கீல் குமாஸ்தா:
ஜூரி இல்லாவிட்டாலும் இங்கே சாட்சிகள் இருக்கிறார்களே. தொண்டிப் பக்கம் ஒரு செயின் பறிப்பு. பிடிபட்ட பையனின் படம் முகம் தெளிவாகத் தெரியும்படி வந்துவிட்டது. அதற்கு அப்புறம் ஜெயிலில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்தது, அதாவது பலரோடு சேர்த்து நிற்க வைத்து ஆளைக் காட்டச் சொல்வது. நகையைப் பறிகொடுத்த அக்கா சட்டென்று அவனைக் காட்டினார். குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: "அதற்கு முன்னால் பேப்பரில் படம் பார்த்தீர்களா அம்மா?" "பார்த்தேன் ஐயா" என்றார், ஒளிக்காமல். அதோடு அந்த அடையாளம் நிற்கவில்லை. அவர் பார்த்தது அன்று ராத்திரி கண்ட முகமா, பேப்பரில் கண்ட முகமா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பையன் விடுதலை. அவன்தான் திருடன் என்றால் அந்த அக்காவுக்கு அநியாயம். இல்லையென்றால் அவன் ஜெயிலில் கிடந்த நாளெல்லாம் அநியாயம். போலீஸ் பிடித்தவர்களைத் துணியால் முகம் மூடிக் கூட்டி வருவது இதற்காகத்தான். செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும். உங்கள் ஊர் குரூப்பில் அப்படி ஏதாவது வந்தால், அணிவகுப்பு முடிகிறவரைக்குமாவது பகிராதீர்கள்.