சீப்பு ஏன் காகிதத்தை இழுக்கிறது?

பிளஸ் டூ மாணவி, தேவனாம்பட்டினம்:
காகிதத் துணுக்கில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமம், அதாவது நிகர மின்னூட்டம் இல்லை. மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதிப்படி விசை சுழிதானே (பூஜ்யம்)? பிறகு ஏன் தலைவாரிய சீப்பில் ஒட்டுகிறது? அதுவும் கடற்காற்று வீசும் மாலையில் ஒட்டுவதே இல்லை!

ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை:
நல்ல சந்தேகம், அம்மா. 1785இல் கூலூம் சொன்னது புள்ளி மின்னூட்டங்களுக்கு, காகிதம் புள்ளியன்று. எதிர்மின்னூட்டம் பெற்ற சீப்பு அருகே வந்தால், மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இம்மியளவு பின்வாங்கும். நேர்ப்பக்கம் சீப்புக்கு அருகிலும் எதிர்ப்பக்கம் தள்ளியும் அமையும். தூரம் இரு மடங்கானால் விசை கால் பங்கு. ஆகவே அருகிலிருக்கும் ஈர்ப்பே வெல்லும். (இதை மனப்பாடம் செய்யாதே, படம் வரைந்து பார்.)

கடலூர்க்காரர்:
ஈரக்காற்றில் சீப்பின்மேல் நீர்ப்படலம் படிந்து மின்னூட்டம் கசிந்துவிடும். எண்ணெயும் மின்னூட்டம் சேரவிடாது. தலையில் எண்ணெய் உண்டா?

மாணவி:
உண்டு, அண்ணா. அம்மா தேங்காய் எண்ணெய் வழிய வழியப் பின்னியிருந்தார்.