கமிஷனிங்: வெள்ளோட்டம் மட்டும் போதுமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கட்டி முடித்த நிலையத்தைச் சோதித்து, இயக்கிப் பணியில் சேர்ப்பதைக் குறிக்கும் 'கமிஷனிங்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஈடு தேடும் இந்த இழையில் வந்த 'ஆணையிடல்', 'வெள்ளோட்டம்', 'திறப்பு', 'தொடக்கம்' முதலான பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். குடிநீர்த் திட்டங்களில் நீரேற்று நிலையங்களையும் குழாய்த் தொடர்களையும் முதன்முறையாக இயக்கிப் பார்த்து ஒப்படைப்பதே என் பிழைப்பு என்பதால், சொல்லை விட்டுவிட்டு வேலையிலிருந்தே பேசத் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஆணையிடல்' என்பதை முதலிலேயே கழித்துவிடலாம். ஒரு திட்டத்துக்கு வந்து சேர்ந்த கையேட்டின் தமிழாக்கத்தில் என் பதவி 'ஆணையிடும் பொறியாளர்' என்று அச்சாகியிருந்தது, அதைப் படித்த பம்ப் ஆபரேட்டர், "நீங்க ஆணை போட்டா மோட்டார் ஓடிருமா சார்?" என்று கேட்டார். போர்க்கப்பல் பணியில் சேரும்போது அதன் தலைவருக்கு ஆணைப்பத்திரம் தரும் மரபு உண்டு. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருளும் உண்டு. பம்புக்கு யாரும் ஆணைப்பத்திரம் தருவதில்லை. ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்போருக்கு ஒரு தகவல்: ஊர்ப்பக்கம் 'கமிஷன்' என்றால் தரகு, அல்லது அதைவிட மோசமான ஒன்று. டீக்கடையில் 'கமிஷன் வேலையா வந்திருக்கேன்' என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

'வெள்ளோட்டம்' அருமையான சொல். புதிதாகச் செய்த தேரை, உற்சவரை ஏற்றாமல், வெறுந்தேராக வீதியில் இழுத்து, அச்சும் சக்கரமும் தாங்குகின்றனவா, முனை திரும்புகிறதா, முட்டுக்கட்டைக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பது அது. வெள்ளறிவு என்பதில் உள்ள அதே வெறுமைதான் இந்த 'வெள்'ளிலும் இருக்கிறது என்று கொள்கிறேன். குழாயில் நீரை விட்டு, ஊருக்குத் தராமல் கழிவு வால்வு வழியே ஓடையில் விடுகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அது என் வேலையில் ஒரு கட்டம் மட்டுமே. முழு வேலைக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டால், அந்தக் கட்டத்தைக் குறிக்க வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

அந்த முழு வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். 8 மீட்டர் ஆழமுள்ள தரைமட்டத் தொட்டி ஒன்றில் நீர்மட்டமானி பொருத்தியிருந்தார்கள். தொட்டி வெறுமையாக இருந்தால் அது கட்டுப்பாட்டு அறைக்கு 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அனுப்பும், நிறைந்தால் 20. தொட்டியில் சொட்டு நீர் இல்லாதபோதே, மானிக்குப் பதிலாகக் கையிலுள்ள கருவியிலிருந்து 12 மில்லி ஆம்பியரை அனுப்பினால், கட்டுப்பாட்டு அறைத் திரையில் சரிபாதியான 4 மீட்டர் தெரிய வேண்டும். 5 என்று தெரிந்தது. திரைப் பக்கத்தில் யாரோ அளவெல்லையை 10 மீட்டர் என்று பதிந்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால், 7.5 மீட்டரில் நிற்க வேண்டிய பம்பு உண்மையில் 6 மீட்டரிலேயே நின்றிருக்கும். தொட்டி ஒருநாளும் நிறையாது. கடைக்கோடி ஊர்க்காரர்கள் ஆபரேட்டரைத்தான் திட்டியிருப்பார்கள். நிறுவியவர் வேலையில் குறை இல்லை, மானியும் பழுதில்லை. மானியும் திரையும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். இதுபோலவே, மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் இணைப்பியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஒரு நொடி மட்டும் ஓடவிட்டுச் சுழலும் திசையைப் பார்ப்பது, காற்று வால்வுகள் மூச்சு விட நேரம் கொடுத்து, நொடிக்கு 0.3 மீட்டருக்கு மேல் போகாமல் குழாயை நிரப்புவது, கடைசிக் குழாய்முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் சோதனைத் தாள் உண்டு. தாளில், நிலையத்தை ஏற்றுக்கொள்ளும் எதிர்த்தரப்பின் கையெழுத்தும் உண்டு.

ஆக, கட்டி முடித்த ஒன்றைச் சான்றுகளோடு பணிக்குள் ஏற்றி, பார்த்தவர் ஒப்புக்கொள்ளும்படி செய்வதே இந்த வேலை. 'திறப்பு', 'தொடக்கம்' ஆகிய இரண்டும் இதனால்தான் ஒத்துவரவில்லை. கூடங்குளம் முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலையில். மின்கட்டமைப்போடு இணைந்தது அதே ஆண்டு அக்டோபரில். வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பர் 31-இல். நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழா நடந்தது 2016 ஆகஸ்டில். விழா நாளை மட்டும் பிடித்துக்கொண்டால் அதற்கு முந்தைய உழைப்பு முழுவதும் பெயரில்லாமல் போய்விடும்.

என் பரிந்துரை 'இயக்கேற்றம்'. குடியேற்றம், அரங்கேற்றம் ஆகியவற்றின் அச்சிலேயே இதை வார்த்திருக்கிறேன். குறிப்பாக அரங்கேற்றம் என் மனத்தில் இருந்தது: கற்றதை அவையின் முன் வைத்து, அவை குற்றம் கண்டு, பின் ஏற்றுக்கொள்வது வரை அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. வினையாகவும் புழங்கும்: 'இரண்டாம் பம்பை இயக்கேற்றிவிட்டோம்', 'இயக்கேற்றாத வால்வைத் தொடாதே'. ஆளைக் குறிக்க 'இயக்கேற்றப் பொறியாளர்'. ஆயுள் முடிந்த நிலையத்தைப் பணியிலிருந்து எடுப்பதை 'இயக்கிறக்கம்' எனலாம். தமிழில் அதற்கு நல்ல சொல் இல்லாத குறையும் தீரும்.

இலக்கணம் அறிந்த ஐயா ஒருவர், 'இயக்கு' வினையடியாயிற்றே, 'அரங்கு' போலப் பெயர்ச்சொல் அன்றே என்று தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'இயக்கம்' என்ற பெயரின் ஈறு குறைந்து நின்றதாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம். 'இயக்கவேற்றம்' என்று நீட்டி எழுதினால் களத்தில் எவரும் அதை வாயால் சொல்ல மாட்டார். மற்றோர் அன்பர், நீரேற்று நிலையத்தில் 'ஏற்றம்' என்றால் குழப்பம் வராதா என்றார். எங்கள் ஃபிட்டர்கள் ஏற்கெனவே "லைன் சார்ஜ் ஆச்சா, தண்ணி ஏத்தியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த 'ஏத்தல்' இதற்கு இடையூறாகாது, துணைதான் செய்யும்.

கமிஷனிங்குக்கு முந்தைய சோதனைகளைக் குறிக்கும் 'ப்ரீ-கமிஷனிங்' என்பதற்கு மட்டும் எனக்கு மனம் நிறையும் சொல் அகப்படவில்லை. 'முன்னியக்கேற்றம்' என்று எழுதிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. நீர் விடாமல் செய்யும் சோதனைகளை 'உலர் சோதனை' என்றும், நீர் விட்ட பின் செய்வதை வெள்ளோட்டம் என்றும் பிரித்துவிட்டால் அந்தச் சொல்லே தேவைப்படாது என்று தோன்றுகிறது. இரசாயன ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் பணிபுரியும் அன்பர்கள், தங்கள் பக்கத்தில் இந்தப் பிரிவினை செல்லுமா என்று சொல்ல வேண்டும்.