நடுக்கடலில் உதவி வந்த கதை: உங்கள் அனுபவம் என்ன?

தூத்துக்குடி, சரக்குக் கப்பல் அதிகாரி

பதினோரு வருடமாகக் கப்பலில் இருக்கிறேன். மீட்பு என்று நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். எழுதி வைக்க வேண்டும் என்று பல நாள் நினைத்து, இன்றுதான் உட்கார்ந்தேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வந்துகொண்டிருந்தோம். இரவு 12 முதல் 4 வரை கப்பலைக் கவனிக்கும் முறை, அதாவது வாட்ச், என்னுடையது. இரண்டே முக்கால் இருக்கும், செயற்கைக்கோள் செய்திக் கருவி அலறியது. மும்பை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் செய்தி. இலங்கையின் பலநாள் மீன்பிடிப் படகு ஒன்றில் தண்ணீர் ஏறுகிறது, ஆறு பேர் இருக்கிறார்கள், அருகிலுள்ள கப்பல்கள் உதவவும் என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு வந்திருந்தது. வரைபடத்தில் குறித்தேன். மாலத்தீவின் தென்கோடியான அட்டு பவளத்தீவுக்குத் தென்கிழக்கே, எங்களிடமிருந்து 38 கடல் மைல்.

கேப்டனை எழுப்பினேன். உக்ரைன்காரர், அதிகம் பேசமாட்டார். செய்தியைப் படித்ததும் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு நேரம்?" மூன்று மணி நேரம் என்றேன். உடனே கப்பலைத் திருப்பச் சொல்லிவிட்டார். கம்பெனியைக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆபத்தில் இருப்பவர்களைப் பற்றித் தகவல் கிடைத்தால் முழு வேகத்தில் உதவிக்குப் போவது கேப்டனின் கடமை என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. போக முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று கப்பல் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

இதில் எத்தனை நாடு என்று பாருங்கள். படகு இலங்கையுடையது. அது மிதந்த இடம் மாலத்தீவின் மீட்புப் பகுதி, அதாவது மீட்புக்கு அந்த நாடு பொறுப்பேற்ற கடல். செய்தி மும்பையிலிருந்து. எங்கள் கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி, போசன் (தள ஊழியர்களின் தலைவர்) பிலிப்பைன்ஸ்காரர், தமிழ் பேசுகிறவன் நான் ஒருத்தன்தான்.

விடியும் நேரத்தில் படகைக் கண்டோம். பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்து கிடந்தது. கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, காற்று படாத மறைவுப் பக்கத்தில் பைலட் ஏணி என்ற கயிற்று ஏணியையும் வலையையும் இறக்கினோம். எங்கள் தளம் தண்ணீருக்கு மேலே மூன்று மாடி உயரம். சின்னப் படகு அலையோடு ஏறும், இறங்கும், எங்கள் இரும்புச் சுவரில் மோதும். மீட்பில் ஆள் சாகிற இடமே இந்தக் கடைசி ஐந்து மீட்டர்தான். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொன்னேன், அவர்கள் சும்மா பார்த்தார்கள். சிங்களம் எனக்குத் தெரியாது. சரி என்று தமிழில் கத்தினேன்: "அலை மேலே வரும்போது பிடிங்க! இறங்கும்போது தொடாதீங்க!" கீழேயிருந்து ஒருவர், "விளங்குது தம்பி!" என்றார். நீர்கொழும்புக்காரர். அவர்தான் மற்ற ஐந்து பேருக்கும் சிங்களத்தில் சொன்னார்.

இரண்டு பேரால் ஏணியைப் பிடிக்கவே முடியவில்லை. பதினான்கு மணி நேரம் வாளியால் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள், உள்ளங்கைத் தோல் உரிந்து சதை தெரிந்தது. போசன் அவர்களுக்கு இடுப்புப் பட்டை இறக்கித் தூக்கினார். மேலே வந்ததும் அந்த நீர்கொழும்பு ஐயா முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. "வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்டார்.

அட்டுவுக்கு வெளியே மாலத்தீவுக் கடலோரக் காவல் படகு வந்து ஆறு பேரையும் கூட்டிப்போனது. எங்களுக்கு ஒரு பகல் போனது. அதைப் பற்றிக் கப்பலில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம், மீனவர் குடும்பத்துப் பெண்

அண்ணா, அந்த ஐயா கேட்டதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. வீட்டுப் பக்கத்தின் கதையை நான் சொல்கிறேன்.

தூத்தூர் பக்கத்து ஊர்களில் தங்குகடலுக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள். அதுவரை போன் கிடையாது. 2017 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் எங்கள் பகுதியில் பல வீடுகளில் ராத்திரி போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். அப்படி ஒரு விடியற்காலை நாலு மணிக்கு எனக்கு ஒரு லேண்ட்லைன் எண்ணிலிருந்து அழைப்பு. முதலில் இந்தி, அப்புறம் வேறொருவர் தமிழில் பேசினார். "உங்க போட் கடல்ல இருக்கா அம்மா? எத்தனை பேர் போயிருக்காங்க? என்ன கலர்?" பன்னிரண்டு பேர், நீலமும் வெள்ளையும் என்றேன். "பதறாதீங்க, அவசர பீக்கன்ல இருந்து சிக்னல் வந்திருக்கு" என்றார். பீக்கன் என்றால் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகச் சிக்னல் அனுப்பும் கருவி.

வீட்டுக்காரர்தான் ஸ்ராங்கு, போட்டை ஓட்டுகிறவர். ஓமன் பக்கம் போயிருந்தார்கள். பலகை பிளந்து தண்ணீர் ஏறியிருக்கிறது. ஓமன் நாட்டுக்காரர்களுக்குத் தகவல் போய், அவர்கள் சொல்லி ஒரு எண்ணெய்க் கப்பல் திரும்பிப் போய் எல்லோரையும் ஏற்றியது. சலாலாவில் இறக்கினார்கள். பத்தொன்பது நாள் கழித்து வீடு வந்தார்.

இதை நான் எழுதுவது இன்னொரு விஷயத்துக்காக. அந்த பீக்கன் பழைய முதலாளி பெயரில் பதிவாகி இருந்தது. செகண்ட் ஹேண்டில் போட் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லவே இல்லை. பழைய முதலாளி நல்ல மனிதர், அந்த நேரத்திலும் போனை எடுத்து என் எண்ணைக் கொடுத்தார். அவர் எடுக்காமல் இருந்திருந்தால்? பொய் சிக்னலா, மெய் சிக்னலா என்று அவர்கள் எப்படி உறுதி செய்வார்கள்?

சென்னை, கடலோரக் காவல் படையில் ஓய்வு பெற்றவர்

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிட்டாலும் சிக்னல் அடிக்கும், தண்ணீரில் தூக்கிப் போட்டாலும் அடிக்கும். மீட்பு மையத்தில் பணியில் இருப்பவர் முதலில் செய்வது பதிவில் உள்ள எண்ணுக்கு அழைப்பதுதான். அந்த ஒரு போனில் எத்தனை பேர், என்ன நிறம், எங்கே போனார்கள் என்பது தெரிந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி. இந்தியாவில் இந்தப் பதிவு பெங்களூரில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கிறது. போட் கைமாறினால் பீக்கன் பதிவும் கைமாற வேண்டும்.

இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாடே பகை நாடுகள் சேர்ந்து செய்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், கனடாவையும் பிரான்ஸையும் சேர்த்துக்கொண்டு 1979-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1982-இல் முதல் உயிர்களைக் காப்பாற்றியது. அதே 1979-இல் ஹாம்பர்க் நகரில் கடல் தேடல் மீட்பு உடன்படிக்கை வந்தது. உலகக் கடல் முழுவதையும் நாடுகள் பொறுப்புப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வதற்கு அதுதான் அடிப்படை. இந்தியாவின் பங்கு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் என்று மூன்று மையங்கள் பார்க்கின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த மீட்புப் பகுதிக் கோடு வேறு, கடல் எல்லைக் கோடு வேறு. மீட்புப் பகுதிப் பிரிவினை நாடுகளின் எல்லையைப் பாதிக்காது என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. நம் பக்கத்தில் எல்லை என்றாலே கைது, படகு பறிமுதல் என்று மனதில் பதிந்துவிட்டதால், ஆபத்தில் இருக்கும்போதுகூட "அந்தப் பக்கத்துக்காரனைக் கூப்பிட்டால் பிடித்துக்கொள்வான்" என்று தயங்கிய ஆட்களிடம் பேசியிருக்கிறேன். தயங்காதீர்கள். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள், கேட்கிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி.

2018 செப்டம்பரில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டியில் முதுகில் அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். பெர்த் நகரிலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல். ஒருங்கிணைத்தது கான்பெர்ராவில் இருக்கும் ஆஸ்திரேலிய மையம். நம் கடற்படை விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து போய்ப் பார்த்தது. தூக்கி ஏற்றியது ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல். மூன்று கொடி, ஒரு ஸ்ட்ரெச்சர்.

என் சொந்த அனுபவம் சின்னது. ஆறு வருடம் கொழும்பு மையத்தில் ஒரு அதிகாரியோடு போனில் பேசியிருக்கிறேன். பெயரும் குரலும் மட்டும்தான் தெரியும். அவர் இருமினால் இன்று இரவுப் பணி என்று புரிந்துகொள்வேன். மாலத்தீவும் இந்தியாவும் 1991-இல் தொடங்கிய தோஸ்தி கூட்டுப் பயிற்சியில் 2012-இல் இலங்கையும் சேர்ந்தது. அப்படி ஒரு பயிற்சியில்தான் அவரை நேரில் பார்த்தேன். கப்பல்கள் ஒத்திகை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் இருவரும் ஓரமாக நின்று, யாருடைய பட்டியலில் எந்த போன் எண் பழசாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அந்தப் பயிற்சியில் எனக்கு மிகப் பயன்பட்டது அந்த அரைமணி நேரம்தான்.

கல்முனை, இலங்கை

வணக்கம். எங்கட பக்கத்திலயும் ஒரு கதை இருக்கு. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து பாரதீப்புக்குப் போன கப்பல், சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய், நீங்கள் கச்சா எண்ணெய் என்பீர்கள். 23 பணியாளர்களில் ஒருவர் இறந்துபோனார். காயம்பட்ட ஒருவரை எங்கட கல்முனை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

என்ட மாமா கரைவலைக்காரர். அந்த நாட்களில் தினமும் விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போய்க் கையால் தண்ணியை அள்ளி மணந்து பார்ப்பார். எண்ணெய் மணம் இருக்கா என்று. எங்கட கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையின் சவுர்யா, சாரங் கப்பல்களும் சேர்ந்து நுரை அடித்துத் தீயை அணைத்தார்கள். அணைந்த தீ திரும்ப எழும்பினது, திரும்ப அணைத்தார்கள். சரக்குத் தாங்கிகளுக்குத் தீ போகவில்லை. அது உடைந்திருந்தால் மாமாவின் வலை மட்டும் இல்லை, இந்தக் கரை முழுக்கப் போயிருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டம், மீனவர் குடும்பத்துப் பெண்

சென்னை ஐயாவுக்கு நன்றி. நேற்றே உட்கார்ந்து பழைய முதலாளியிடம் எழுதி வாங்கி, பீக்கன் பதிவை எங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் அனுப்பிவிட்டோம். முதல் எண்ணாக என்னுடையது. இரண்டாவது எண் கேட்டிருந்தது. எதிர் வீட்டு அக்காவுக்கு ராத்திரி தூக்கம் வராது, அவர் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் ஏழு போட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகக் கேட்கப் போகிறேன்.