‘2014 முதல் வேலை செய்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து):
ராயபுரத்தில் ஒரு கிடங்கில் 2014 முதல் கணக்கெழுதி வருகிறேன். அண்மையில் ஒரு நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் வொர்க்கிங் இன் ராயபுரம் சின்ஸ் 2014’ என்றேன். பிழை என்றார்கள், காரணம் சொல்லவில்லை. தமிழில் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்?

மறுமொழி (வண்ணாரப்பேட்டை ஆசிரியை):
ஐயா, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ‘முதல்’, ‘ஆக’ ஆகியவற்றோடு நிகழ்கால வினை போதும். ஆங்கிலமோ முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு ‘ஹேவ்’ என்னும் துணைவினையைக் கேட்கிறது. ஆகவே ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று தொடங்குங்கள். வெறுமனே ‘ஐ வொர்க்ட் இன் ராயபுரம்’ என்றால், அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே கேட்பவர் பெரும்பாலும் எண்ணுவார்.

மறுமொழி (திருவொற்றியூரிலிருந்து):
ஆசிரியை சொன்னது சரி. செய்தேன், செய்தாய், செய்தார் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பழகிய நமக்கு, இறந்தகாலத்தில் எல்லோருக்கும் ‘வொர்க்ட்’ ஒன்றே என்பது உண்மையில் பெரிய ஆறுதல். ஆனால் ‘டிட்’ வந்தால் காலத்தை அதுவே சுமப்பதால், ‘டிட் நாட் வொர்க்’ என்றே எழுத வேண்டும். உச்சரிப்பிலும் கவனம் தேவை: ‘வொர்க்ட்’ ஓரசைச் சொல், ‘வொர்க்கெட்’ அன்று.

கேட்டவர்:
நன்றி. ‘ஐ ஹேவ் வொர்க்ட் யெஸ்டர்டே’ எனலாமா?

ஆசிரியை:
கூடாது. ‘நேற்று’ முடிந்துபோன பொழுது. அங்கே ‘ஐ வொர்க்ட்’ மட்டுமே.