8 மாதத்தில் மெம்பிரேன் அடைத்துக்கொண்டது: ஆர்ஓவுக்கு முன்னால் எங்கே தவறு?

விடுதிப் பராமரிப்பு:
வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மணிக்கு 1000 லிட்டர் ஆர்ஓ பிளான்ட்டை (மெம்பிரேன் என்ற சவ்வு வழியே தண்ணீரின் உப்பை நீக்குவது) பார்த்துக்கொள்கிறேன். நாலு 4040 மெம்பிரேன் (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்). முதல் செட் இரண்டரை வருடம் உழைத்தது. அடுத்த செட் 8 மாதத்திலேயே 620 லிட்டருக்கு இறங்கிவிட்டது. ஆர்ஓ தரும் நல்ல தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராம்) 60 இருந்தது, இப்போது 95.

போர் தண்ணீர் டிடிஎஸ் 1400, கடினத்தன்மை 520, இரும்பு 1.1, பிஎச் 6.8. வரிசை: சம்ப், மணல் ஃபில்டர், கார்பன், சாஃப்ட்னர் (ரெசினால் கடினத்தன்மையை நீக்குவது), ஆன்டிஸ்கேலன்ட் (உப்புப் படிவைத் தடுக்கும் மருந்து), 5 மைக்ரான் ஜம்போ (பெரிய கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்), அப்புறம் ஆர்ஓ. ஜம்போ கார்ட்ரிட்ஜ் 5 நாளில் செங்கல் நிறமாகிவிடுகிறது. சர்வீஸ்காரர் மெம்பிரேனை மாற்றச் சொல்கிறார். மாற்றினாலும் இன்னொரு 8 மாதம்தானே?

பழைய ஆபரேட்டர்:
மாற்றாதீங்க சார். குளோரின் தின்ற மெம்பிரேனாக இருந்தால் டிடிஎஸ் ஏறும், தண்ணீர் அதிகமாகவே வரும். உங்களுக்குக் குறைகிறது, ஆகவே அடைப்பு. எதனால் அடைப்பு என்று கண்டுபிடிக்க ஹவுசிங்கை (மெம்பிரேன் இருக்கும் குழாய்) திறந்து முதல் மெம்பிரேனின் முன்முகத்தையும் கடைசி மெம்பிரேனின் பின்முகத்தையும் பாருங்கள். இரும்பு, சேறு எல்லாம் முதலில் நிற்கும். உப்புப் படிவு கடைசியில்தான் வரும், ரிஜெக்ட் (ஆர்ஓ வெளியே தள்ளும் உப்புத் தண்ணீர்) அங்கேதான் கெட்டியாகிறது. வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் ஆசிட் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

லேப்காரன்:
சாஃப்ட்னரில் ரெசின் எத்தனை லிட்டர்? எத்தனை நாளுக்கு ஒரு தடவை உப்புப் போடுகிறீர்கள்?

விடுதிப் பராமரிப்பு:
ரெசின் 100 லிட்டர், இரண்டு நாளுக்கு ஒரு ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிப்பது). பிளான்ட் தினம் 10 மணி நேரம் ஓடும், ரெகவரி 50 சதவீதம் (உள்ளே போவதில் பாதி நல்ல தண்ணீராகிறது). திறந்து பார்த்தேன். முதல் மெம்பிரேன் முகத்தில் துருச் சேறு, விரலில் ஒட்டுகிறது. கடைசியில் சும்மா லேசான வெள்ளை, ஆசிட் விட்டால் கொஞ்சம்தான் நுரைக்கிறது.

லேப்காரன்:
கணக்குப் போடுங்கள். பிளான்ட் முழு அளவில் ஓடும்போது ரிஜெக்டோடு சேர்த்து மணிக்கு 2000 லிட்டர் உள்ளே போகும், ஒரு நாளைக்கு 20,000. லிட்டருக்கு 520 மில்லிகிராம் என்றால் 10.4 கிலோ கடினத்தன்மை. 100 லிட்டர் ரெசின் ஒரு ரீஜெனரேஷனுக்கு 5 கிலோ தாங்கினாலே பெரிசு. அதாவது காலையில் உப்புப் போட்டால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மீதி ஒன்றரை நாள் அது வெறும் குழாய். இத்தனை நாள் படிவு வராமல் காத்தது ஆன்டிஸ்கேலன்ட்தான். என்னைக் கேட்டால் சாஃப்ட்னரை பைபாஸ் செய்துவிடலாம். இரும்பு ஏறிய ரெசினைக் கட்டிக்கொண்டு எதற்கு அழ வேண்டும்?

பழைய ஆபரேட்டர்:
ஆன்டிஸ்கேலன்ட் டோசிங் (அளவாக விடுவது) ஒழுங்காக இருந்தால் லேப்காரர் சொல்வது சரி. டோசிங் டேங்கில் போர் தண்ணீரை ஊற்றிக் கலக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்ஓ தரும் நல்ல தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

ஆனால் சாஃப்ட்னர் இப்போதைய வியாதி இல்லை. முதல் செட்டுக்கும் இரண்டாம் செட்டுக்கும் நடுவில் என்ன மாறியது? அதைச் சொல்லுங்கள்.

விடுதிப் பராமரிப்பு:
பெரிதாக ஒன்றுமில்லை. முன்பு ஆபரேட்டர் சம்ப்பில் ப்ளீச்சிங் பவுடர் போடுவார். புது சர்வீஸ்காரர், குளோரின் மெம்பிரேனுக்கு ஆகாது என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

பழைய ஆபரேட்டர்:
அதுதான்! குளோரின் மெம்பிரேனுக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ப்ளீச்சிங்தான் உங்கள் இரும்பை சம்ப்பிலேயே துருவாக்கி மணலில் நிறுத்திக்கொண்டிருந்தது. போர் தண்ணீரில் இரும்பு கரைந்தே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பிஎச் 6.8ல் வெறும் காற்றுப் பட்டு அது துருவாக நேரம் பிடிக்கும். மணல் கரைந்த இரும்பைப் பிடிக்காது. அது நிதானமாகக் கார்ட்ரிட்ஜிலும் மெம்பிரேனிலும் போய்த் துருவாகிறது.

ஒரு பக்கெட் போர் தண்ணீரில் கொஞ்சம் ப்ளீச்சிங் கரைசல் விட்டு 20 நிமிடம் வையுங்கள். டீ நிறம் வந்தால் விஷயம் முடிந்தது.

லேப்காரன்:
1 மில்லிகிராம் இரும்புக்குச் சுமார் 0.64 மில்லிகிராம் குளோரின் வேண்டும், மற்ற அழுக்குக்கும் கொஞ்சம் சேர்த்து. ஆனால் கார்பன் எப்போது மாற்றியது? கார்பனைத் தாண்டிக் குளோரின் போனால், மெம்பிரேனில் இருக்கும் இரும்பு அந்த அரிப்பை இன்னும் வேகமாக்கும். கார்பனுக்குப் பின்னால் குளோரின் சொட்டு டெஸ்ட் தினம் பாருங்கள், பூஜ்யம் வர வேண்டும்.

விடுதிப் பராமரிப்பு:
பக்கெட் டீயாகிவிட்டது! கார்பன் மூன்று வருடம் பழசு. அதை மாற்றி, மணலை நன்றாக பேக்வாஷ் செய்து (தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவி), அப்புறம்தான் ப்ளீச்சிங்கைத் தொடங்கினேன். ஒரு வாரத்தில் மணலுக்குப் பின் இரும்பு 0.1. மெம்பிரேனை நல்ல தண்ணீரில் கரைத்த 2 சதவீத சிட்ரிக் ஆசிடில் முக்கால் மணி நேரம் சுற்றவிட்டோம். முதல் கழுவல் தண்ணீரைப் பார்த்தால் கடுங்காப்பி மாதிரி. இப்போது 850 லிட்டர், டிடிஎஸ் 75. இன்னொரு தடவை கழுவினால் ஏறுமா?

பழைய ஆபரேட்டர்:
இரண்டாம் கழுவலில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். இன்னும் பழுப்பாக வந்தால் தொடரலாம். தெளிவாக வந்தால் 850க்குப் பழகிக்கொள்ளுங்கள் சார். மணலுக்குப் பின் 0.1ஐயும் 0.05க்குக் கீழே இறக்கப் பாருங்கள், அதற்கு மணல் ஃபில்டரில் மாங்கனீஸ் டைஆக்சைடு மீடியா கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.