பைப் எங்கே ஓடுதுன்னு யார் சொல்லணும், வரைபடமா ஆளா?

வரைபடக்காரி

மலேசியாவில, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. மத்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். பழைய ரப்பர் தோட்டத்து நிலத்துல எழும்பின கல்லூரி வளாகம் ஒண்ணு. போன மாசம் பெண்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால கால்வாய் வெட்ட வந்த கொந்ராக்டரோட பேக்ஹோ மெஷின் மண்ணைத் தோண்டும்போது 6 அங்குலத் தண்ணி பைப்பை உடைச்சுருச்சு. தண்ணி ஆள் உயரத்துக்கு அடிக்குது. அடைக்கிற வால்வு எங்கேன்னு அலுவலகத்துல ஒருத்தருக்கும் தெரியல. அலமாரியிலிருந்து பெலானை, அதாவது பழைய வரைபடத்தை, எடுத்து விரிச்சாங்க. அதுல வால்வு காட்டுற இடத்துல இப்ப தார் போட்ட கார் நிறுத்துமிடம். நாலு மணி நேரம் கழிச்சுதான் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஐயாவுக்கு யாரோ போன் போட்டாங்க. மோட்டார்ல வந்தார். மழைமரத்தடியில நின்னு திசை பார்த்தார், பதினாலு எட்டு நடந்தார், செருப்புக் காலால சருகைத் தள்ளினார். கீழே இரும்பு மூடி.

ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் லோரித் தண்ணிதான். அதுல ஒருத்தி என் அக்கா மக.

நான் நில அளவை வேலையில இருக்கிறவ. அந்தக் கல்லூரி உடனே ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் முறைமை, ஒண்ணை அமைக்கணும்னு சொல்றேன். தண்ணி, மின்சாரம், கழிவுநீர், இணையக் கேபிள், மழைநீர்க் கால்வாய் எல்லாம் அதுல ஏறணும். ஐயாவோட பதினாலு எட்டு அவரோட முடிஞ்சிடக் கூடாது.

லயத்துப்பையன்

தங்கச்சி, நீங்க சொன்ன கதையிலேயே பதில் இருக்கு. அன்னிக்கு வால்வைக் கண்டுபிடிச்சது யாரு? ஒரு மனுசன். அப்போ அந்தக் கல்லூரிக்கு வேணும்கிறது ஆள்தான்.

முன்னால அங்க சொந்த ஃபிட்டர், சொந்த சார்ஜ்மேன் எல்லாம் இருந்தாங்க. அப்புறம் மராமத்து வேலை முழுக்க கொந்ராக்டுக்குப் போச்சு. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தடவை புதுக் கம்பெனி வரும், புது ஆளுங்க வருவாங்க, மண்ணுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குள்ள போயிடுவாங்க. இதைச் சரி பண்ணாம கம்ப்யூட்டர்ல கலர் கலரா கோடு போட்டு என்ன ஆகப் போகுது?

நான் வேறொரு வளாகத்துல 11 வருசம் வேலை செஞ்சவன். அங்கயும் இந்த ஜிஐஎஸ் வந்துச்சு. ஆலோசகர் வந்தார், அளந்தார், பெரிய திரையில காட்டினார், கைதட்டினோம். அவர் போனதுக்கப்புறம் யாரும் அதைத் தொடல. மூணு வருசம் கழிச்சுத் திறந்து பார்த்தப்போ இடிச்சுத் தள்ளின கேண்டீனுக்கு அதுல இன்னும் தண்ணி போய்க்கிட்டு இருந்துச்சு. தப்பான வரைபடம் வரைபடமே இல்லாததைவிட ஆபத்து. வரைபடம் இல்லேன்னா பயந்து பயந்து கையால தோண்டுவான். கையில வரைபடம் இருந்தா நம்பி மெஷினை இறக்குவான்.

வரைபடக்காரி

அண்ணே, கடைசியா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எங்க துறையில அதுக்குன்னே ஒரு முறை இருக்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல, அதை எவ்வளவு நம்பலாம்னு எழுதணும். அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2002-ல வெளியிட்ட தரநிலையில நாலு படி இருக்கு. நம்ம நாட்டுல ஜூபெம், அதாவது நில அளவை வரைபடத் துறை, 2006-ல கொண்டு வந்த நிலத்தடி வழிகாட்டியிலயும் அதே நாலு படிதான். பழைய பெலானைப் பார்த்தோ வாய்வார்த்தை கேட்டோ போட்ட கோடு ‘டி’. மேலே தெரியற மூடி, வால்வு, தீயணைப்புக் குழாய் இதையெல்லாம் அளந்து பெலானோட பொருத்தினா ‘சி’. கருவி வெச்சு மேலிருந்தே தேடிக் கண்டுபிடிச்சா ‘பி’. குழி தோண்டி, கண்ணால பார்த்து அளந்தா ‘ஏ’.

உங்க பழைய வளாகத்துல எல்லாக் கோடும் ஒரே கனத்துல, ஒரே நம்பிக்கையோட இருந்திருக்கும். ‘டி’ கோட்டைப் புள்ளிக்கோடா போட்டிருந்தா யாரும் அதை நம்பி மெஷினை இறக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. ஜிஐஎஸ்ஸை வெறும் படம்னு நினைச்சுடாதீங்க. ஒவ்வொரு பைப்புக்கும் பின்னால ஒரு பதிவு இருக்கு: எந்த வருசம் போட்டது, என்ன பொருள், என்ன ஆழம், யார் சொன்னது. பைப்பும் வால்வும் ஒண்ணோடொண்ணு முறையா இணைஞ்சிருந்தா, ‘இந்த வால்வை அடைச்சா எந்தெந்தக் கட்டடத்துக்குத் தண்ணி நிக்கும்’னு அதுவே சொல்லும். அன்னிக்கு ஹாஸ்டலோட சேர்த்துச் சமையல்கூடத்துக்கும் தண்ணி நின்னு போச்சே, அது முன்னாலயே தெரிஞ்சிருக்கும்.

பொருள்னு சொன்னது சும்மா இல்ல. தோட்டக் காலத்துப் பைப்புல நிறைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். தண்ணி ஓடும்போது கவலை வேற. ஆனா அதை கிரைண்டர் வெச்சு அறுத்தா பறக்கிற தூசி நுரையீரலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். பழுது பார்க்கப் போற பையனுக்கு அது என்ன பைப்புன்னு முன்கூட்டியே தெரியணுமா வேண்டாமா?

செம்மண்

எல்லாருக்கும் வணக்கம். 2024 ஆகஸ்ட்டுல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துல நடைபாதை உள்வாங்கி, நடந்து போன சுற்றுலாப் பயணி மண்ணுக்குள்ள போனாங்க. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாள் ரெண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸ்ல எரிவாயுக் குழாய் வெடிச்சுத் தீப்பிடிச்சது. கீழே என்ன இருக்குன்னு தெரியாம இன்னும் எத்தனை நாள் இருப்போம்?

லயத்துப்பையன்

தம்பி, அந்த ரெண்டையும் இங்க இழுக்காதீங்க. புத்ரா ஹைட்ஸ்ல குழாய் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். விசாரணையில காரணம்னு சொன்னது குழாய்க்கு அடியில மண் நிலையா இல்லாததை. மண் வலுவிழந்து போறதை உங்க ஜிஐஎஸ் தானா காட்டாது. அடிபட்டவங்க வேதனையை நாம வாதத்துக்கு எடுத்துக்கக் கூடாது.

வரைபடக்காரி

அண்ணன் சொல்றது சரி. நம்ம விசயம் சின்னது: ஒரு வளாகம், ஒரு வால்வு. அதையே பேசுவோம்.

கணக்குப்பிள்ளை

வணக்கம். நான் ஒரு பள்ளி வாரியத்தில் பொருளாளராக இருப்பவன். இரண்டு கேள்விகள்.

முதலாவது, அரசாங்கமே ‘பாடு’ என்ற தேசிய நிலத்தடித் தரவுத்தளத்தை வைத்திருக்கிறதே, நாம் ஏன் தனியாகச் செலவு செய்ய வேண்டும்? (2024-இல் மக்கள் பெயர் பதிந்த அரசாங்கத்தின் ‘பாடு’ வேறு, பெயர்தான் ஒன்று.)

இரண்டாவது, செலவு. எங்கள் வளாகத்துக்கு விலை கேட்டபோது ஐந்து இலக்கத்தில் வந்தது. அந்தப் பணத்தில் ஒழுகும் கூரையை மாற்றி விடலாம். பெற்றோரிடம் எதைச் சொல்லி நிதி கேட்பது?

வரைபடக்காரி

ஐயா, முதல் கேள்விக்கு: அந்தத் தரவுத்தளம் பெரிய சேவை நிறுவனங்களோட பொதுக் குழாய்க்கும் கேபிளுக்கும். மீட்டரைத் தாண்டி நம்ம வேலிக்குள்ள ஓடுறது நம்ம சொத்து, நம்ம பொறுப்பு. அதை யாரும் வந்து வரைஞ்சு தர மாட்டாங்க.

செலவுக்கு வரேன். மென்பொருளுக்கு ஒரு வெள்ளியும் வேண்டாம். கியூஜிஐஎஸ் 2002-லிருந்து திறந்த மூலமா வளர்ந்து வர்றது, முழுக்க இலவசம். அதோட கைபேசித் துணை கியூஃபீல்ட். களத்துல நின்னுக்கிட்டே மூடியைப் படம் எடுத்துப் பதியலாம்.

ஆனா மறைக்க மாட்டேன், கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூணு நாலு மீட்டர் தள்ளிக் காட்டும். மரத்தடியில இன்னும் மோசம். அதனால கட்டட மூலையிலிருந்து டேப் பிடிச்சு அளந்து ரெண்டு தூரம் எழுதணும். ரெண்டு மூலை, ரெண்டு தூரம் இருந்தா புள்ளி விழுந்துரும். சென்டிமீட்டர் துல்லியம் வேணும்னா ஜிபிஎஸ் பிழையைத் திருத்தித் தர ஜூபெம் நடத்துற மைஆர்டிகேநெட் வலையமைப்போட இணையற கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

ஐந்து இலக்கம் கேட்டவங்க அனேகமா ரேடார் வெச்சு முழு வளாகத்தையும் தேடறதுக்குக் கேட்டிருப்பாங்க. அதை இப்போதைக்கு விடுங்க. நம்ம ஊர் ஈரக் களிமண்ணுல ரேடார் அலை சீக்கிரமே மங்கிடும். மின்காந்தக் கருவியோ உலோகத்தைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக் பைப் அதுக்குத் தெரியாது. நிறைய காசு கொடுத்து நிறைய ‘ஒருவேளை’ வாங்கின மாதிரி ஆகிடும்.

மலிவா ‘ஏ’ தரம் கிடைக்கிற நேரம் ஒண்ணு இருக்கு. எதுக்காவது குழி தோண்டியிருக்கும்போது, அதை மூடறதுக்கு முன்னால. பத்து நிமிசம், ஒரு டேப், ரெண்டு படம். நாம அந்தப் பத்து நிமிசத்தை ஒவ்வொரு தடவையும் மண்ணைப் போட்டு மூடிக்கிட்டே வந்திருக்கோம்.

லயத்துப்பையன்

இதை நான் ஒத்துக்கிறேன். கொந்ராக்டர் வேலை முடிஞ்சதும் ‘கட்டி முடித்த பெலான்’னு ஒண்ணு தருவான், பார்த்திருக்கீங்களா? டெண்டர்ல இருந்த அதே பெலான், மேலே முத்திரை மட்டும் புதுசு. நடுவுல பாறை வந்து பைப்பை வளைச்சிருப்பான், அது அதுல இருக்காது. அளவும் படமும் கொடுத்தாத்தான் கடைசித் தவணைப் பணம்னு ஒப்பந்தத்துல எழுதணும். இல்லேன்னா எந்த மென்பொருளும் உதவாது.

கணக்குப்பிள்ளை

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வாரியத்துக்குச் செலவில்லை. அதை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். பழைய பெலானை என்ன செய்வது?

வரைபடக்காரி

பழைய தோட்டத்துப் பெலானும் வேணும் ஐயா. ஆனா அதை அப்படியே செயற்கைக்கோள் படத்து மேல வெச்சா பொருந்தாது. அளவெல்லாம் சங்கிலிக் கணக்கு, ஒரு சங்கிலி 66 அடி. இடத்தை எண்ணால குறிக்கிற ஆயத்தொலைவு முறையும் வேற. அந்தக் காலத்துக் கெர்த்தாவ் அடிப்படையிலிருந்து பின்னால வந்த ஜிடிஎம் 2000 அடிப்படைக்கு மாத்தாம போட்டா, ஒரே புள்ளி நூறு மீட்டருக்கு மேல தள்ளி விழும். அன்னிக்கு வால்வு கார் நிறுத்துமிடத்துல விழுந்ததுக்கு இப்படி ஒரு காரணமும் இருக்கலாம், இல்ல வரைஞ்சவங்க தப்பாவும் இருக்கலாம். பெலான்லயும் இருக்கிற, இன்னிக்கும் அசையாம நிக்கிற நாலு இடம் கிடைச்சா பொருத்திடலாம். மாரியம்மன் கோயில் ஒண்ணு. மத்த மூணைத் தேடிக்கிட்டு இருக்கேன்.

பழைய ஃபிட்டர்

வணக்கம். பேரன் இதைப் படிச்சுக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதறான்.

அன்னிக்கு மோட்டார்ல வந்தது நான்தான். மழைமரத்துல இருந்து பதினாலு எட்டுன்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கு. அது சரியில்லம்மா. மரத்தடியில நான் நிழலுக்கு நின்னேன். கணக்கு மரத்துல இருந்து இல்ல. அங்க ரப்பர் ஸ்டோர் இருந்துச்சு, அதோட சிமெண்டுத் தரை இன்னும் புல்லுக்குள்ள கிடக்கு. அதோட மூலையில இருந்துதான் எண்ணினேன். மரத்தை வெச்சுக் கணக்குப் போட்டா, மரம் நாளைக்கு விழுந்துரும்.

என்கிட்ட ஒரு பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் இருக்கு. வால்வு, மேன்ஹோல், தோட்டத் தொழிலாளர் லயத்துப் பழைய செப்டிக் டேங்க் ஆறு, மூடின கிணறு ரெண்டு எல்லாம் அதுல எழுதி வெச்சிருக்கேன். அந்தக் கிணறு ஒண்ணுக்குப் பக்கத்துல இப்ப பிள்ளைங்க பந்து விளையாடுதுங்க.

லயத்துப்பையன் தம்பி என் மேல மரியாதை வெச்சுப் பேசுது. சந்தோசம். ஆனா ஒண்ணு சொல்லணும். கொந்ராக்ட் ஆளுங்க வந்ததுக்கப்புறம் போட்ட எதுவும் எனக்குத் தெரியாது. புது ஹாஸ்டல், புது நூலகம், இண்டர்நெட் கேபிள் எதுவும் என் நோட்டுல இல்ல. அன்னிக்கு உடைஞ்சது பழைய பைப், அதனால தெரிஞ்சுது. புதுசு உடைஞ்சிருந்தா நானும் உங்களை மாதிரிதான் நின்னிருப்பேன்.

அந்த சிமெண்ட் பைப்பை நாங்க ரம்பம் போட்டுத்தான் அறுத்தோம். முகத்துல துணி கூட கட்டினதில்ல. யாரும் சொல்லல. இப்ப இருக்கிற பையங்களுக்குச் சொல்லுங்க.

லயத்துப்பையன்

ஐயா, உங்க பதிவைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல.

என் பயத்தையும் வெளிப்படையா சொல்லிடறேன். நோட்டு முழுக்கக் கம்ப்யூட்டருக்குள்ள போனதும் ‘இனி ஆள் எதுக்கு’ன்னு நிர்வாகம் கேட்கும். கேட்டதை நான் பார்த்திருக்கேன். அதனால வரைபடத்தைப் புதுப்பிக்கிறதுக்கு வளாகத்திலேயே நிரந்தரச் சம்பளத்துல ஒரு ஆள் வேணும். அந்த வேலை ஒப்பந்தத்துக்குப் போகக் கூடாது. அந்தப் பதவி இல்லாம ஜிஐஎஸ்ஸுன்னா என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும்.

வரைபடக்காரி

அண்ணே, அந்த ஆள் வேணும்கிறதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஆனா அவரை நியமிக்கிற வரைக்கும் காத்திருக்க நான் தயாரா இல்ல. ஐயாவுக்கு வயசு 70-ஐ நெருங்குது.

ஐயா, உங்களுக்குச் சம்மதம்னா அலுவலகத்துல அனுமதி வாங்கிட்டு சனிக்கிழமை வரேன்.

பழைய ஃபிட்டர்

வாம்மா. வெயில் ஏறுறதுக்கு முன்னால, ஏழரைக்கு. ஸ்டோர் தரையில நிக்கிறேன்.

வரைபடக்காரி

சனிக்கிழமை விவரம். ஐயா, நான், லயத்துப்பையன் அண்ணன், பேரன், நாலு பேர். அண்ணன்தான் டேப்போட மறு முனையைப் பிடிச்சார்.

ஸ்டோர் தரை மூலை, கோயில், ரயில் பாதைப் பக்கம் இருக்கிற பழைய மதகு, இந்த மூணும் தோட்டத்துப் பெலானோட பொருந்திடுச்சு. நாலாவது இன்னும் இல்ல. நோட்டுல இருந்த 12 வால்வுல 9 கிடைச்சுது. ரெண்டு நோட்டுல இருந்ததைவிட ஒரு மீட்டருக்கு மேல தள்ளி இருந்துச்சு, திருத்திட்டோம். மூடியைத் திறந்து தண்டைப் பார்த்தது ஏழு. அதுல மூணு இறுகிப் போய்த் திரும்பவே இல்ல. அதையும் பதிஞ்சாச்சு. ரெண்டு கிணத்தையும் சிவப்புல போட்டு, விளையாட்டுத் திடல் பக்கம் இருக்கிறதைப் பத்தி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கேன்.

கிடைக்காத மூணு வால்வையும் வரைபடத்துல அப்படியே வெச்சிருக்கலாமா, எடுத்துடலாமான்னு யோசிக்கிறேன்.

பழைய ஃபிட்டர்

எடுக்காதம்மா. அது கீழதான் இருக்கு, நானே போட்டது. ‘தேடினோம், கிடைக்கல’ன்னு தேதியோட எழுதி வை. நூலகத்துக்குப் பின்னால இருக்கிறதுக்கு மேல மண் கொட்டியிருக்காங்க, ரெண்டு அடியாவது இருக்கும். அங்க அடுத்த தடவை தோண்டும்போது என்னைக் கூப்பிடச் சொல்லு.