நெல் கொள்வனவுக்கு விபிஎஸ்ஸா, கடையிலேயே ஒரு பெட்டியா?

பரந்தன் சந்தி:
எங்கள் சங்கம் பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று மூன்று இடத்தில் நெல் வாங்குகிறது. நிறை, ஈரப்பதன், விவசாயிக்குக் கொடுக்கும் ரசீதுத் துண்டு எல்லாம் ஒரு சின்ன வெப் மென்பொருளில். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், அவ்வளவுதான். 4 ஜிபி ரேம், 2 சீபியூ கோர் உள்ள மலிவு விபிஎஸ் ஒன்றில், அதாவது ஹோஸ்டிங்காரனின் பெரிய சேர்வரில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்கில், ஓடுகிறது. வருசத்தில் பத்து மாதம் அது தூங்கும். இப்போது காலபோக அறுவடை. காலையில் ஒரு துண்டு அடிக்க அரை நிமிடம் பிடிக்கிறது. நேற்று வெயிலில் நின்ற ஐயா ஒருவர், "தம்பி, கையால எழுதியிருந்தா இதுக்குள்ள பத்துப் பேரை அனுப்பியிருப்பாய்" என்றார். பெரிய விபிஎஸ் எடுக்கவா, இங்கேயே ஒரு சேர்வர் வாங்கி, அதைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கிற புரொக்ஸ்மொக்ஸ் போடவா?

முறிகண்டி மாஸ்டர்:
சொந்தப் பெட்டி வாங்கும் தம்பி. 2022இல் 200 ரூபாய்ச் சுற்றில் இருந்த டொலர் சில மாதத்தில் 360க்குப் போனது. அதே விபிஎஸ், அதே 4 ஜிபி, பில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புரொக்ஸ்மொக்ஸ் இலவசம், அடியில் டெபியன் லினக்ஸும், பிரிக்கிற வேலையைச் செய்யும் கேவிஎம்மும். நெல் மென்பொருள் ஒரு விஎம்மில் (மெய்நிகர் கணினியில்), கணக்கு இன்னொன்றில். தராசுக்கும் சேர்வருக்கும் நடுவில் ஒரு வயர்தான், கடலடிக் கேபிள் இல்லை.

கனகராயன்:
மாஸ்டர், அதே 2022இல் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்துவிட்டீர்களா? செகண்ட் ஹேண்ட் ராக் சேர்வர் ஒன்று சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் என்று வையுங்கள். மாதத்துக்கு 108 யூனிட். ஒக்டோபர் இடி மின்னலுக்கு ரவுட்டரையே கழற்றி வைக்கிற ஊர் இது. சரி, பரந்தனில் வயர் இருக்கிறது. புதுக்குடியிருப்புக்காரர் எந்த வழியாக வருவார்? வீட்டு லைனுக்கு நிலையான ஐபி முகவரியும் வராது.

தம்பி, காசைச் செலவழிக்க முதல் இரண்டு விசயம் பாருங்கள். விபிஎஸ் எந்த முறையில் பிரிக்கப்பட்டது என்று காட்டும் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-வெர்ட்' கட்டளை என்ன சொல்கிறது? நாளைக் காலை பத்து மணிக்கு, லொறிகள் நிற்கிற நேரத்தில், சீபியூ என்ன செய்கிறது என்று காட்டும் 'டொப்' கட்டளையைத் திறந்து 'எஸ்டி' என்ற எண் எவ்வளவு என்று எழுதுங்கள்.

பரந்தன் சந்தி:
கேவிஎம் என்கிறது. எஸ்டி 30 வீதத்துக்கு மேல் நிற்கிறது அண்ணை. பின்னேரம் 2, 3.

கனகராயன்:
அந்த எஸ்டியின் விரிவே 'ஸ்டீல்', களவு என்பதுதான். உங்கள் விஎம் வேலை செய்யத் தயாராக நிற்கிறது, ஆனால் அடியில் இருக்கும் உண்மையான கோர் அந்த நேரம் வேறொருவனுடைய விஎம்முக்குப் போய்விட்டது. ஒரே கோரைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள். இதற்கு ரேமை 8 ஜிபி ஆக்கினாலும் பிரயோசனம் இல்லை, 16 ஆக்கினாலும் இல்லை. கோர் உங்களுக்கே தனியாக என்று எழுதித் தருகிற பிளான் எடுங்கள், அறுவடை மாதங்களுக்கு மட்டும். ஒரு எச்சரிக்கை: கோரையும் ரேமையும் பிறகு குறைக்கலாம், டிஸ்கைக் கூட்டினால் பெரும்பாலும் திரும்பக் குறைக்க விடமாட்டார்கள்.

கேவிஎம்முக்குப் பதில் ஓபன்விஇசட் என்று வந்திருந்தால் நான் அன்றைக்கே ஓடச் சொல்லியிருப்பேன். அதில் இயங்குதளத்தின் கருவான கேர்னலே உங்களுடையது இல்லை.

முறிகண்டி மாஸ்டர்:
ஆக, களவு போகிறது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். பிறகு அதே சந்தையில் விலை கூடிய கடைக்குப் போகச் சொல்கிறீர்கள். என் வீட்டுப் பெட்டியில் எனக்கு யார் களவெடுப்பது?

நந்திக்கடல் காற்று:
நீங்களேதான் மாஸ்டர். முல்லைத்தீவில் ஒரு கடைக்கு நான் இப்படி வைத்துக் கொடுத்தேன். 500 ஜிபி டிஸ்கில் நாலு விஎம், ஒவ்வொன்றுக்கும் 200 ஜிபி என்று எழுதினேன். எழுதும்போது இடம் பிடிக்காதுதானே, பாவித்தால்தான் பிடிக்கும். போதாததற்கு ஒரு ஸ்னாப்ஷொட்டை, அதாவது விஎம்மின் அந்த நேரத்து நிலையின் பதிவை, எடுத்து மறந்துவிட்டேன். ஏழாம் மாதம், சனிக்கிழமை, டிஸ்க் நிரம்பியது. ஒரு விஎம் இல்லை, நாலும் நின்றது. ஸ்னாப்ஷொட்டைத்தான் பேக்கப் என்று நினைத்திருந்தேன். அதுவும் அதே டிஸ்கில். கடைக்கார அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் அங்கேயே படுத்தேன்.

கோரை இருப்பதை விடக் கூட்டி எழுதலாம், எல்லாரும் ஒரே நேரம் கேட்கமாட்டார்கள். ரேமை அப்படி எழுதக்கூடாது. விஎம் எல்லாவற்றின் ரேமையும் கூட்டி, ஹோஸ்டுக்கு, அதாவது அடியில் இருக்கும் பெட்டிக்கு, ஒரு பங்கு விட்டு, அதற்கு மேல் வாங்க வேண்டும். டிஸ்குக்கு இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டால் அது இன்னும் கேட்கும்.

கனகராயன்:
தம்பி, இன்னொன்று. மெதுவாக ஓடும் தேடல்களைப் பதிகிற மைஎஸ்கியூஎல்லின் ஸ்லோ லொக்கைத் திறந்து பார்த்தீர்களா? முழுப் பழியையும் ஹோஸ்டிங்காரன் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

பரந்தன் சந்தி:
பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. விவசாயியின் அடையாள அட்டை இலக்கத்துக்கு இன்டெக்ஸ் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நாலு வருசத்து அட்டவணையை முழுதாகத் தேடியிருக்கிறது. போட்டதும் அரை நிமிடம் ஏழெட்டுச் செக்கனுக்கு வந்தது. எஸ்டி அப்படியே இருக்கிறது, அதனால் அந்த ஏழெட்டும் குறையவில்லை.

முறிகண்டி மாஸ்டர்:
இன்டெக்ஸ் சரி. டொலர் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பரந்தன் சந்தி:
சொல்ல முடியாது மாஸ்டர், நானும் கும்பிட்டுக்கொண்டுதான் காசு கட்டுகிறேன். சிங்கப்பூரில் தனிக் கோர் பிளான் ஒன்று மார்ச் முடியும் வரை எடுத்திருக்கிறேன், மணித்தியாலக் கணக்கில் பில். பரந்தன் கடையில் ஒரு மினி பீசி. ஒவ்வொரு இரவும் தரவுத்தளத்தின் நகல் அதற்கு வரும், லைன் விழுந்தால் இங்கே அதில் துண்டு அடிக்கலாம். மற்ற இரண்டு இடத்துக்கும் துண்டுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. ஐயாவுக்குச் சொன்னேன், சிரிக்கிறார்.

முறிகண்டி மாஸ்டர்:
மினி பீசிக்கு யூபிஎஸ் வாங்கினீரா?

பரந்தன் சந்தி:
நாளைக்கு.